பானெட்டை மூடுவதற்காக நான் செய்த காரியம்

போன மாதம் தேனியில் நம் மெக்கானிக் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, புதிதாகத் தொழிலுக்கு வந்த தம்பி ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணே, இந்தக் கார்புரேட்டர்னு சொல்றாகளே, அது எங்கனண்ணே இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கும் தெரியாது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

தம்பி, கேட்டதற்கு உமக்கு ஒரு கும்பிடு. எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் அளவாகப் பிசைந்து ஊட்டுகிற பாத்திரம்தான் கார்புரேட்டர். அளவு கூடினால் கறுப்புப் புகை, குறைந்தால் இருமல். உங்கள் காலத்தில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. என் காலத்தில் திருப்புளியும் காதும் பார்த்தன. எது உசத்தி என்று சண்டைக்கு வரவில்லை. உங்கள் கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. திருப்புளி பிடித்த ஆள் சொல்லுவான். நான் சொன்னேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நாற்பது வருஷத்தில் எத்தனையோ வண்டிகளை ஒழுங்காகச் செய்து அனுப்பியிருக்கிறேன். அதையெல்லாம் சொன்னால் என் வீட்டுக்காரியே கொட்டாவி விடுவாள். சொதப்பின கதைக்குத்தான் ஆள் கூடும். அதனால் கடையை அடைப்பதற்கு முந்தின வருஷம் நான் சொதப்பியதைச் சொல்கிறேன்.

மார்க்கையன்கோட்டையில் செல்லப்பாண்டி என்று ஒருவர். நெல்லும் வாழையும் போடுகிற சம்சாரி. அவருடைய அப்பா வாங்கிய வெள்ளை அம்பாசிடர் அவரிடம் இருந்தது. ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் அந்தக் காரை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். இறங்கியதும் நலம் விசாரிப்பு, நாட்டு நடப்பு எதுவும் கிடையாது.

"அண்ணே, ஆவணி மொத முகூர்த்தத்துக்கு இது மெட்டு ஏறணும்."

மெட்டு என்றால் கம்பம்மெட்டு. மலையேறி அந்தப் பக்கம் இறங்கினால் கேரளா. அங்கே ஏலத்தோட்டக்காரர் ஒருவருக்குத்தான் அவருடைய ஒரே தங்கச்சி பேச்சியைக் கட்டிக்கொடுத்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பேச்சியின் மகனுக்குக் காதுகுத்து. செல்லப்பாண்டி தாய்மாமன் சீரோடு இதே காரில் கிளம்பினார். வண்டி பாதி மலையில் படுத்துவிட்டது. யாரோ ஒரு ஜீப்காரர் கயிறு கட்டி இழுத்துப் போய் விட்டபோது நல்ல நேரம் முடிந்து, பிள்ளைக்கு வேறொருவர் மடியில் காது குத்தி, பந்தியும் பாதி ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ, "மாமன் சீரு கயித்துல வருது டோய்!" என்று கத்த, கூட்டமே சிரித்துவிட்டது. செல்லப்பாண்டி சீர்த்தட்டை வாசலில் வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது பேச்சியின் மகளுக்குக் காதுகுத்து. தங்கச்சியே போன் போட்டிருக்கிறாள்.

"ஒங்க மடியிலதாண்ணே எம்பிள்ளைக்குக் காது குத்தணும். இந்தத் தடவையும் வரலேன்னா, எனக்குப் பெறந்த வீடே இல்லேன்னு நெனச்சுக்கிருவேன்" என்று சொல்லிவிட்டு அழுதாளாம். பின்னால் அவள் புருஷன் குரல் கேட்டதாம்: "பத்தரைக்குள்ள வரச் சொல்லு. இல்லேன்னா போன தடவ மாதிரி எங்காளுக ஒருத்தர உக்கார வச்சு முடிச்சிருவோம்."

"சரிய்யா, வாடகைக்கு ஒரு நல்ல வண்டியப் பிடிச்சுப் போயிருமே. எதுக்கு இந்தக் கிழட்டக் கட்டிக்கிட்டு அழுகணும்?" என்றேன்.

"இதுல போயித்தானண்ணே அசிங்கப்பட்டேன். இதுலயேதான் போவேன்."

அதற்கு மேல் பேச முடியாது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ரோஷம் வந்துவிட்டால் அதற்குப் பிரேக் கிடையாது.

காரைப் பார்த்தேன். எஞ்சின் கிண்ணென்று இருந்தது. கார்புரேட்டர்தான் உயிரை விட்டிருந்தது. உடம்பு முழுக்கத் தேய்மானம்; பெட்ரோல் போகவேண்டிய இடம் தவிர எல்லா இடத்திலும் ஒழுகியது. வேறு வேண்டும். நான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் வாட்ஸ்அப். பழைய கார் பிரியர்கள் குழு ஒன்றில் என்னையும் சேர்த்துவிட்டிருந்தார்கள். காலையில் எழுந்தால் இருநூறு குட்மார்னிங் வரும். நடுவில் ஒருவர், "புத்தம் புதுசு, பெட்டி பிரிக்காதது" என்று ஒரு கார்புரேட்டர் படம் போட்டார். கேட்டு வாங்கினேன். பார்சல் வந்தது. பெட்டி பிரிக்காதது என்று அவர் சொன்னது சத்தியம். ஆனால் எங்கேயோ ஒரு ஓட்டை வழியாகக் குளவி பிரித்திருக்கிறது. காற்று போகிற குழாய்க்குள் மண்ணால் மூன்று அறை கட்டி, பால் காய்ச்சாத குறையாகக் குடியிருந்துவிட்டுப் போயிருந்தது. மண்ணைச் சுரண்டினால் அடியில் அலுமினியம் பூத்து, பொரிந்துபோய்க் கிடந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்து வருசநாட்டில் ஒரு தோட்டத்து வீட்டில் ஓடாத அம்பாசிடர் நிற்கிறதென்று கேள்விப்பட்டுப் போனேன். இருந்தது. டயர் இல்லை, எஞ்சினை மூடுகிற பானெட் இல்லை, ஆனால் எஞ்சின் இருந்தது, எஞ்சின் மேல் கார்புரேட்டர் இருந்தது, அதை அணைத்தாற்போல் வைக்கோல் பரப்பி ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் உடம்பைப் பலூன் மாதிரி உப்பிக்கொண்டது.

அந்த வீட்டு அம்மா வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எடுத்துக்கங்க, எனக்கெதுக்கு அந்த இரும்பு? ஆனா கோழி அடை கெடக்கு. மூணு வாரம் கழிச்சு வாங்க."

"ஆத்தா, அவசரம். அஞ்சே நிமிசம். கோழிக்குத் தெரியாமக் கழட்டிருவேன்."

"ஏன், ஒங்களத் தூக்கத்துல எழுப்பிக் கட்டிலக் கழட்டுனா சும்மா இருப்பீகளா?"

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். இருபத்தொரு நாள் கழித்துப் போனேன். பதினொரு குஞ்சு பொரித்திருந்தது. அந்த அம்மாவே கோழியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். மோர் கொடுத்தாள். எல்லாம் நன்றாக இருந்தது, கார்புரேட்டரைத் தவிர. உள்ளே தண்டு லொடலொடவென்று ஆடியது. அதற்குள் ஆடி மாதம் முக்கால்வாசி கழிந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் கோயம்புத்தூரில் ஒரு கடையில் சொல்லி, இந்த எஞ்சினுக்குப் பொருந்தும் என்று வெளியே யாரோ செய்து விற்கிற புதுக் கார்புரேட்டரை வரவழைத்தேன். பெட்டிக்குள் சாமானோடு இரண்டு விரல் கனத்தில் ஒரு கறுப்புக் கட்டையும், அதற்கேற்ற நீள போல்ட் இரண்டும் இருந்தன.

அந்தக் கட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வினையே அதில்தான். பேக்லைட் கட்டை. பழைய கரண்ட் சுவிட்சுகள் கறுப்பாக இருக்குமே, அந்தச் சாமான். எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் வைக்க வேண்டும். அடுப்பில் இருக்கும் சட்டியைத் துணி பிடித்து இறக்குகிறோம் இல்லையா, அந்தத் துணியின் வேலைதான் இதற்கும். எஞ்சின் சூடு மேலே ஏறாமல் தடுக்கும். இது இல்லாவிட்டால் கார்புரேட்டர் கொதித்து, உள்ளே இருக்கிற பெட்ரோலும் கொதித்து ஆவியாகிவிடும். ஆவியை ஊட்டினால் எஞ்சின் சாப்பிடாது. படுத்துவிடும்.

இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கட்டையை வைத்துத்தான் முதலில் பூட்டினேன். ஸ்டார்ட் செய்தால் அப்படி ஒரு சத்தம், தையல் மிஷின் மாதிரி. பெருமையோடு பானெட்டை இறக்கினேன். மூடவில்லை. கட்டை வைத்ததில் கார்புரேட்டர் உயர்ந்து, அதன் தலையில் இருக்கும் ஏர் கிளீனர் பானெட்டில் முட்டியது.

குட்டையான ஏர் கிளீனருக்குச் சொன்னால், வர இருபது நாளாகும் என்றார்கள். அது வருவதற்குள் காதே குத்தி முடிந்துவிடும். பானெட்டைத் தட்டி மேலே தூக்கலாம். ஆனால் செல்லப்பாண்டி அப்போதுதான் காருக்குப் பாலாடை மாதிரி வெள்ளைப் பெயின்ட் அடித்து, தினமும் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். "பானெட்டு மூடுமுலண்ணே? தொறந்து கெடந்தா அவுக சிரிப்பாக" என்று வேறு கேட்டுவிட்டார்.

மூடும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயைக் காப்பாற்றுவதற்காக, கட்டையை எடுத்துவிட்டு மெல்லிசாக ஒரு பேக்கிங் மட்டும் வைத்துப் பூட்டினேன். பானெட் கச்சிதமாக மூடியது. அவரிடம் கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சும்மா விடவில்லை, ஓட்டிப் பார்த்தேன். உத்தமபாளையம் வரைக்கும் போய்த் திரும்பினேன், ஒருமுறை அல்ல, மூன்று முறை. வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை. சூடு தொட்டுப் பார்த்தால் இதமாக இருந்தது. எனக்கு ஒரே குஷி. கட்டையாவது கட்டை, வெள்ளைக்காரன் பயந்தாங்கொள்ளி, எதற்கெடுத்தாலும் ஒரு கட்டையை வைப்பான் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

நம் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம் இது. எந்த மாதத்தில் ஓட்டினேன் என்று யோசித்துப் பாருங்கள். ஆடி. கம்பம் கணவாய்க்காற்று எதிரே நின்று ஆளையே தள்ளுகிற மாதம். கயிற்றில் காயப்போட்ட வேட்டியை அடுத்த தெருவில் போய் எடுக்கிற மாதம். அந்தக் காற்று முகத்தில் அடிக்க ஓட்டினால் கார்புரேட்டர் என்ன, கொல்லன் உலையே குளிர்ந்துவிடும். காற்றுக்குப் போக வேண்டிய பேரை நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆவணி முகூர்த்தம் வந்தது. செல்லப்பாண்டி, "நீங்களும் வந்தே ஆகணும்ணே, கெடா வெட்டு" என்று கூப்பிட்டார். போனேன். கிளம்பும்போது அந்தக் கறுப்புக் கட்டையையும் நீள போல்ட்டையும் துணியில் சுற்றி என் டூல்ஸ் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் போட்டேன் என்று அப்போது என்னையே நான் கேட்கவில்லை. தம்பிகளா, இதை மட்டும் நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவரிடம் "ஒண்ணும் ஆகாது" என்று வாய் சொல்லிவிட்டு, அது ஆனால் வேண்டியிருக்குமே என்று கை சாமானை எடுத்து வைக்கிறதென்றால், கைக்கு உண்மை தெரிந்திருக்கிறது. அப்போதே வாயைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

முன்னால் அம்பாசிடர். நான், செல்லப்பாண்டி, அவர் சம்சாரம். அவர் பட்டுவேட்டி, பட்டுச்சட்டை, சந்தனப் பொட்டோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பின்னால் குட்டியானை லோடு வண்டியில் சீர்த்தட்டுகள், சொந்தக்காரர்கள், ஒரு மேளக்காரர், ஒரு கிடா. காலை எட்டு மணிக்குக் கம்பம் தாண்டி மலையடிவாரத்தில் தேங்காய் உடைத்தோம். அன்றைக்கென்று பார்த்துக் காற்று சுத்தமாக அடங்கியிருந்தது. ஒரு இலைகூட ஆடவில்லை. டூல்ஸ் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மலையில் எங்களுக்கு முன்னால் ஒரு சரக்கு லாரி. முந்த வழியில்லை. முதல் கியரில் ஊர்ந்தோம். நாலைந்து வளைவு ஏறியதும் வண்டி ஒரு விக்கல் விக்கியது, அப்புறம் இரண்டு, அப்புறம் நின்றுவிட்டது. செல்லப்பாண்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

பானெட்டைத் தூக்கினேன். கார்புரேட்டரில் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சூடு. தண்ணீர் நனைத்த துணியைச் சுற்றிப் பத்து நிமிஷம் வைத்தேன். ஸ்டார்ட் ஆனது. எல்லோரும் கைதட்டினார்கள், மேளக்காரர் இரண்டு அடி அடித்தார். மேலும் இரண்டு வளைவு. மறுபடி படுத்துவிட்டது. மணி ஒன்பது.

இப்போது ரோட்டில் கூட்டம் கூடிவிட்டது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மலையாளத்துக்காரர் ஒருவர், "சேட்டா, வெள்ளம் ஒழிக்கு, வெள்ளம் ஒழிக்கு" என்று ஒரு குடம் தண்ணீரோடு என்னை விரட்டினார். கொதிக்கிற அலுமினியத்தில் குடத்தோடு ஊற்றினால் வெடித்துவிடும் என்று அவரைத் தடுப்பதே பெரும்பாடாகிவிட்டது.

"அண்ணே, என்ன கோளாறு?" என்றார் செல்லப்பாண்டி. இந்தத் தடவை கேட்டுவிட்டார்.

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். சுற்றிலும் முப்பது பேர். நாற்பது வருஷத்துப் பேர். வாயில் வந்தது இது: "பெட்ரோல் சரியில்லய்யா. இப்பக் கண்டதையும் கலந்து விக்கிறாக."

நல்ல பொய். எல்லோரும் தலையாட்டினார்கள். பெட்ரோலைத் திட்ட ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். பழி போட வசதியான இடம் அது. வாய் திறந்து மறுக்காது. ஆனால் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. செல்லப்பாண்டி என் பேச்சை நம்பினார். நம்பிய கையோடு குட்டியானை டிரைவரிடம், "கம்பத்துக்குப் போயி வேற பங்க்ல ஒரு கேன் பிடிச்சுட்டு வாப்பா, பறந்து போ!" என்றார். தடுப்பதற்கு நான் வாயைத் திறப்பதற்குள், ஆட்கள் இறங்கிக்கொள்ள, குட்டியானை வளைவில் திரும்பி, சீர்த்தட்டும் கிடாவுமாகக் கீழே போய்விட்டது.

பத்தரைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. சீர் ஏற வேண்டிய மலையில் சீர் இறங்கிப் போகிறது, நான் சொன்ன ஒரு பொய்க்காக. போன் போட்டால் டவர் இல்லை. அந்தக் கேன் வந்தாலும் வண்டி ஏறப் போவதில்லை. அப்புறம் என்ன சொல்வேன்? அந்த பங்க் பெட்ரோலும் சரியில்லை என்றா?

செல்லப்பாண்டி மதில் கல்லில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் வாட்சைப் பார்ப்பதும் சேலையால் முகத்தைத் துடைப்பதுமாக இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"பெட்ரோல் நல்லாத்தான்யா இருக்கு. நாந்தான் சரியில்ல."

கட்டையை எடுத்துக் காட்டினேன். பானெட் மூட வேண்டும் என்று இதை விட்டுவிட்டேன், உம்மிடம் சொல்லவும் இல்லை, இப்போது பொய்யும் சொல்லிவிட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். மனுஷன் அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவர் கட்டையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா? இத அன்னைக்கே சொல்லியிருந்தா, பானெட்டக் கழட்டி வீட்ல வச்சுட்டு வந்திருப்பேனேண்ணே. எனக்குப் பானெட்டா முக்கியம்?"

தம்பிகளா, என் தொழில் வாழ்க்கையில் இந்த மாதிரி ஒரு அறை நான் வாங்கியதில்லை. அவருக்கு எது முக்கியம் என்று அவரைக் கேட்காமல் நானே முடிவு செய்திருக்கிறேன். பானெட்டா, மலையா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நொடியில் பதில் சொல்லியிருப்பார். வண்டி அவருடையது, தங்கச்சி அவருடையவள். திருப்புளி மட்டும்தான் என்னுடையது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்.

"அரை மணி. ஆனா பானெட்டு இருக்காது."

"கழட்டுங்க."

கம்பத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றை நிறுத்தி, குட்டியானையை எங்கே பார்த்தாலும் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினோம். நாலு போல்ட், பானெட் கையோடு வந்தது. சூடு ஆறும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் அன்று நான் செய்த கஷ்டமான வேலை. பின்னால் நிற்கிற அத்தனை பேரும், "என்னப்பா சும்மா நிக்கிறாரு?" என்கிறார்கள். சூட்டில் போல்ட்டைத் திருகி மரை போய்விட்டால் அத்தோடு கதை முடிந்தது. நின்றேன். நெருக்கடியில் எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று கை துடிக்கும். துடிக்கட்டும், விடாதீர்கள்.

பிறகு பழைய போல்ட்டை எடுத்து, நீள போல்ட்டைப் பூட்டி, கட்டையை வைத்து, மேலே கார்புரேட்டரை உட்கார்த்தினேன். செல்லப்பாண்டி பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிடிக்கச் சொன்னதைப் பிடித்தார், தூக்கச் சொன்னதைத் தூக்கினார். துடைக்கத் துணி கேட்டேன். கிடைக்கவில்லை. அவசரத்தில் அவர் கையைத் தன் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார். நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். அடுத்த போல்ட்டை எடுத்து நீட்டினார்.

ஸ்டார்ட் செய்தோம். தையல் மிஷின். அதே நேரத்தில் குட்டியானையும் ஆரன் அடித்துக்கொண்டே மேலே வந்து சேர்ந்தது, கேனோடு. பானெட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் சீர்த்தட்டுகளுக்கு நடுவில் நிறுத்தி, கிடா முட்டாமலிருக்க மேளக்காரரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னோம். மணி பத்தாகப் போகிறது.

செல்லப்பாண்டி ஓட்டிய ஓட்டை நான் சொல்ல மாட்டேன், அவர் லைசென்ஸ் இன்னும் செல்லும். வண்டி எங்கேயும் விக்கவில்லை. மெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குள் இறங்கி, பேச்சி வீட்டு வாசலில் நின்றபோது மணி பத்து முப்பத்தைந்து. ஐந்து நிமிஷம் பிந்திவிட்டது.

கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. பானெட் இல்லாத கார், பின்னால் சீர்வரிசையோடு சீராகப் பானெட். ஒரு பெரியவர், "பானெட்டையும் சீராக் கொண்டாந்துட்டாகளா?" என்று கேட்க, இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். பேச்சியின் புருஷன் முன்னால் வந்தார். நல்ல உயரம், தோளில் பட்டுத்துண்டு.

"என்ன மச்சான், காரு வாயத் தொறந்துக்கிட்டு வருது?"

என் பெயர் இப்போது சந்தி சிரிக்கப் போகிறதென்று நான் தரையைப் பார்த்தேன்.

"இந்த மெக்கானிக் அண்ணன்தான் கழட்டச் சொன்னாக மாப்ள. அவுக சொன்னா சரியா இருக்கும்" என்றார் செல்லப்பாண்டி.

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். நிஜமாகவே சொன்னார்.

பந்தலுக்குள் பேச்சி மணையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மகள். பிள்ளையின் இரண்டு காதையும் தன் இரண்டு கையால் பொத்திக்கொண்டிருந்தாள். காதுகுத்துகிற ஆசாரி ஊசியும் தோடுமாக எதிரே உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பத்தரை ஆனதும் மாப்பிள்ளை வீட்டார் யாரையோ மாமனாக உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். "எங்கண்ணன் வராம எவனாச்சும் எம்பிள்ள காதத் தொட்டீக, அம்புட்டுத்தான்" என்று அப்போது பொத்திய கையை அவள் எடுக்கவே இல்லையாம்.

அண்ணனைப் பார்த்ததும் கையை எடுத்தாள். "வாங்கண்ணே, உக்காருங்க" என்று மணையை விட்டு எழுந்தாள்.

செல்லப்பாண்டி உட்காரவில்லை. வேட்டியைப் பார்த்தார். வெள்ளைப் பட்டில் தொடையிலிருந்து முழங்கால் வரை கறுப்புக் கிரீஸ். மூன்று வருஷம் கழித்து வந்திருக்கிறார், சம்பந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள், பிள்ளையோ புதுப் பட்டுப் பாவாடையில் இருக்கிறது. "பிள்ள மேல ஒட்டுமேத்தா" என்று முனகினார். முகம் சுண்டிவிட்டது. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அப்போது பேச்சியின் புருஷன் முன்னால் வந்தார். செல்லப்பாண்டியின் தோளைப் பிடித்து மணையில் உட்கார வைத்தார். தன் தோளில் கிடந்த பட்டுத்துண்டை எடுத்து உதறி, மச்சான் மடியில் விரித்தார். பிள்ளையைத் தூக்கி அதில் உட்கார்த்தினார். ஆசாரியைப் பார்த்து, "குத்துங்க. நேரமெல்லாம் இருக்கு" என்றார்.

ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டது. அதைவிடப் பெரிய சத்தமாக இன்னொரு அழுகை கேட்டது. பார்த்தால் செல்லப்பாண்டி. ஐம்பது வயது ஆள், பிள்ளையைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறார். பிள்ளை தன் அழுகையை நிறுத்திவிட்டு, மாமனை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டது.

"யோவ் மச்சான், காது ஒமக்கா குத்துனோம்?" என்றார் மாப்பிள்ளை. பந்தலே சிரித்தது.

நான் வெளியே வந்து காருக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கையில் கிரீஸ் இருந்தது ஞாபகமில்லை. பந்தியில் உட்கார்ந்தபோது எதிர்வரிசையில் எல்லோரும் என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்ததும்தான் தெரிந்தது.

பேச்சி கறிக்குழம்பு வாளியோடு வரிசையில் வந்தாள். என் இலைக்கு முன்னால் நின்று, "ஒங்களாலதாண்ணே எங்கண்ணன் வந்தாக" என்றாள்.

வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பொய் போதும் என்று தோன்றியது.

"இல்லத்தா. என்னாலதான் லேட்டாச்சு. பூட்ட வேண்டியதப் பூட்டாம விட்டது நான். பாதி மலையில அவரு கெடந்தது எந்தப்பு."

அவள் என்னைப் பார்த்தாள். பந்தலுக்குள் திரும்பி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தன் புருஷனோடு பேசிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் இலையில் இரண்டு கரண்டி ஊற்றினாள்.

"வந்துட்டாகல்ல. சாப்பிடுங்க" என்றாள்.